கடலிலிருந்து எடுத்த விமானத்தை மறுபடி ஏன் நனைக்கிறார்கள்?

2013 ஜூன். இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால், குட்வின் மணல்திட்டிலிருந்து ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் தூக்கினார்கள். டோர்னியர் 17 ரகம். 1940-இல் விழுந்தது, கடலடியில் தலைகீழாகக் கிடந்தது.

கரை சேர்ந்ததும் காயவைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நேர்மாறு! காஸ்ஃபோர்டு விமானப்படை அருங்காட்சியகத்தில், பாலித்தீன் கூடாரத்துக்குள் வைத்து, தெளிப்பான்களால் நனைத்துக்கொண்டே இருந்தார்கள்.

காரணம், உப்பு. அலுமினியத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளிலும் ரிவெட்டுகளின் அடியிலும் அது ஊறிப் போயிருக்கும். மணலுக்குள் புதைந்திருந்தவரை காற்று அதிகம் படவில்லை. அதனால் அரிப்பும் மெதுவாகவே நடந்தது. வெளியே வந்ததும் உப்பு, ஈரம், காற்று மூன்றும் கூட்டுச் சேரும். தகடு பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும்.

கருவாட்டை எப்படிச் சமைப்பீர்கள்? தண்ணீரில் ஊறப்போட்டு, அதை மாற்றி மாற்றி உப்பை இறக்குவீர்கள் அல்லவா? இங்கும் அதே வேலைதான், மாதக்கணக்கில்.

வெறும் தண்ணீர் போதாது. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தை மிகக் குறைவாகக் கலந்தார்கள். மேலே கெட்டியாகப் படிந்த கடல் படிவுகளை அது இளக்கியது. புளிப்பு கூடினால் உலோகத்தையே தின்றுவிடும். அதைத் தணிக்கக் கொஞ்சம் காஸ்டிக் சோடா. இந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள்.

பளபளவென்று பெயின்ட் அடித்துப் புதிதாக்குவது நோக்கமே அல்ல. நெளிந்த இறக்கையை நெளிந்தபடியே காப்பதுதான் திட்டம். அதுதான் சரியும்கூட.