கார்க் கதவின் மின்பூட்டு

பழைய காரில் ஒரு கதவின் மின்பூட்டு இயங்காது போனால், மோட்டாரையே மாற்றிவிடுவது பலர் வழக்கம். ஆயின் பழுது வேறிடத்திலும் இருக்கக்கூடும்.

கதவினுள் உள்ள சிறு மோட்டார் 12 வோல்ட் மின்சாரத்தால் இயங்குவது. மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும். எதிர்த்திசையில் பாய்ந்தால் திறக்கும்.

எல்லாக் கதவுகளும் ஒருங்கே செயலற்றால் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். ஒரு கதவு மட்டுமே செயலற்றால், கீலருகே உள்ள ரப்பர் குழாயைச் சோதிப்பது நலம். கதவைத் திறந்து மூடுந்தோறும் வளையும் கம்பிகள் நாளடைவில் அதனுள்ளே அறுந்துபோவதுண்டு. கம்பி நன்றாயிருந்து, பூட்டும் கையால் எளிதில் நகர்ந்தால், மோட்டாரையே ஐயுற வேண்டும். கையாலும் நகராவிடில் பூட்டு துருவேறி இறுகியிருக்கலாம். துப்புரவு செய்து எண்ணெயிடுதல் வேண்டும்.

பின்னர்ப் பொருத்திய சென்ட்ரல் லாக்காயின், ஓட்டுநர் கதவின் மோட்டாருக்குப் பெரும்பாலும் ஐந்து கம்பிகளும் ஏனையவற்றிற்கு இரண்டும் இருக்கும். எண்ணிப் பார்த்து வாங்குக.

உள்ளிருந்து கையாலும் திறவாத கதவுடன் காரை ஓட்டலாகாது. விபத்து நேரின் அதுவே உயிருக்கு இடராகும். வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நாம், பழுதுற்ற இடத்தை விரலால் சுட்டிக்காட்ட அறிந்தாலே பணிமனையில் பாதி வேலை முடிந்ததாகும்.