கட்டடம் வாங்குமுன் சுவரைக் கேளுங்கள்!

வாடகைக் கடையில் காலம் தள்ளும் வணிகர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கட்டடம் ஒரு கனவு. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் போதாமல் நகையையும் அடகு வைத்துத்தான் கடையோ கிட்டங்கியோ வாங்குகிறோம். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுகிறோம். சுவரை மட்டும் யாரிடமும் காட்டுவதில்லை. "இப்பத்தான் வெள்ளையடிச்சது" என்று தரகர் சொன்னதும் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. அந்த வெள்ளைக்குள் ஒளிந்திருந்த ஓதம் ஐப்பசி மழையில்தான் வெளியே வருகிறது.

ஓதத்தால் கெடுவது சுவர் மட்டுமல்ல. பருப்பு மூட்டையின் அடியில் பூசணம் பிடிக்கும். வெல்லம் கசியும். ஏலக்காயின் பச்சை நிறம் மங்கும். நிலக்கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையே உண்டாக்கும்.

நம் பகுதியில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1895-இல் பெரியாறு அணை வந்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பூமியானது. முதல் போகத்துக்கு மட்டும் 14,707 ஏக்கர் பாசனம் பெறுகிறது. வாய்க்காலிலும் கண்மாயிலும் தண்ணீர் நிற்கும் மாதங்களில் அருகிலுள்ள மண்ணும் ஈரமாகவே இருக்கும். எனவே சித்திரை வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் ஓடும்போதோ மழைக்கு மறுநாளோ இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம். தரையிலிருந்து மூன்று நான்கு அடி வரை பூச்சு உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது அடிமண் ஈரம். தளத்திலும் சுவரின் மேல்பகுதியிலும் கறை இருந்தால் மொட்டைமாடித் தட்டோட்டில் விரிசலோ, மழைநீர்க் குழாயில் அடைப்போ இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் எப்போதும் ஈரமென்றால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகியுங்கள். மேலே ஒழுகுவதைச் சரிசெய்வது பெரும்பாலும் எளிது. அடிமண் ஈரம் அப்படியல்ல. அதன்மேல் சிமென்ட் பூசினாலும் டைல்ஸ் ஒட்டினாலும் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. அடுக்கி வைத்த மூட்டைகளையும் அலமாரிகளையும் நகர்த்தச் சொல்லிப் பின்புறம் பார்க்கத் தயங்க வேண்டாம்.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஓதத்தைப் பார்க்காமல் விட்டால் பிறகு வழக்காடுவது கடினம்.

ஓதம் இருப்பதாலேயே நல்ல இடத்தைக் கைவிட வேண்டியதில்லை. விற்பவருக்கு வேண்டப்படாத ஒரு கொத்தனாரையோ பொறியாளரையோ அழைத்துச் சென்று காரணத்தையும் செலவையும் எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். விற்பவரே சரிசெய்து தருவதானால் கிரய ஒப்பந்தத்தில் அதை எழுதி, வேலை முடியும்வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

ஒரு மூட்டை மிளகாய் வாங்கினாலும் கையை உள்ளே விட்டு ஈரம் பார்க்கிறவர்கள் நாம். வாழ்நாள் சேமிப்பைப் போடும் கட்டடத்துக்கும் அதே கவனம் வேண்டாமா?