லூட் யாருக்கு? ரெய்டு சண்டைக்கு நம்ம ஊர் சீட்டுக் கணக்கு!

ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து மூணு மணி நேரம் ஆடியிருக்கீங்க. ஒருவழியா பாஸ் காலி! விழுந்ததோ ஒரே ஒரு வாள். நிற்பதோ இருபது பேர். "ப்ரோ, அது எனக்குத்தான்" என்று நாலு பேர் மைக்கில் கத்த, அடுத்த வாரம் பாதிப் பேர் ரெய்டுக்கே வருவதில்லை. தோற்று உடைகிற கில்டுகளைவிட, ஜெயிச்சு உடைகிற கில்டுகளைத்தான் பாவம்னு சொல்லணும்.

கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் கடலூர் துறைமுகம். அங்கே படகு கரைக்கு வந்ததும் மீன் ஏலம் போகும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சம் உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கு. விகிதம் படகுக்குப் படகு மாறலாம். ஆனா, கடலுக்குப் போகும் முன்பே கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

மீனை விற்றுப் பிரிக்கலாம். வாளை வெட்டிப் பிரிக்க முடியாதே? அதற்குத்தான் இந்த நாலு வழிகள்.

ரோல்: 1 முதல் 100 வரை எண் உருட்டி, பெரிய எண் வந்தவருக்குப் பொருள். நம்ம குலுக்கல் சீட்டுதான். ஆனா, சீட்டில் ஒருமுறை எடுத்தவர் பெயர் மறுபடி குலுக்கலில் இருக்காது. அதையே இங்கேயும் வைங்க: ஒரு ராத்திரிக்கு ஒருத்தருக்கு ஒரு பொருள்.

டி.கே.பி: 1999-ல் 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில் பிறந்தது. ரெய்டுக்கு வந்தால் புள்ளி. அந்தப் புள்ளியைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனா, பழைய ஆட்கள் புள்ளியைக் குவித்து வைத்தால் புதுசா வந்தவர் வேடிக்கைதான் பார்க்கணும். வாராவாரம் எல்லோர் புள்ளியிலும் கொஞ்சம் கழித்தால் இது சரியாகும்.

ஜி.டி.கே.பி: அப்படியே ஏலச்சீட்டு! கேம் தங்கத்தை வைத்து ஏலம் கேட்கணும். வசூலான தங்கம் எல்லோருக்கும் பங்கு. பொருள் கிடைக்காதவரும் வெறுங்கையோடு போக மாட்டார். ஆபத்து, நிஜப் பணம் கொடுத்துத் தங்கம் வாங்கி வருகிறவர்கள். 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' தன் 'சீசன் ஆஃப் டிஸ்கவரி' சர்வர்களில் 2024-ல் இந்த முறைக்குத் தடை போட்டது.

லூட் கவுன்சில்: நாலைந்து சீனியர்கள் கூடி, யார் கையில் இருந்தால் டீமுக்கு லாபம் என்று பார்த்துக் கொடுப்பது. நம்பிக்கை இருந்தால் சூப்பர். லீடரின் நண்பருக்கே எல்லாம் போனால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் காரணத்தை குரூப்பில் எழுதிப் போடணும்.

மொபைலில் பி.ஜி.எம்.ஐ ஆடுறீங்களா? அங்கேயும் இதே பஞ்சாயத்துதான். ஏர்டிராப்பில் ஒரே ஒரு ஏ.டபிள்யூ.எம் வந்தால், ஓடிப்போய் முதலில் எடுத்தவருக்கா, நல்லா ஸ்னைப் பண்றவருக்கா? குதிக்கும் முன்பே பேசிடுங்க.

முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால் ரோல் போதும். வாராவாரம் அதே கூட்டம் என்றால் டி.கே.பி. பல வருஷ நண்பர்கள் என்றால் கவுன்சில். எதுவானாலும், பாஸ் விழுவதற்கு முன்பே விதியை குரூப்பில் பின் பண்ணிடுங்க. விழுந்த பிறகு போடுகிற விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், வாள் கிடைக்காதவருக்கு அது ஏமாத்து வேலையாத்தான் தெரியும்!