'ஃபுல் கவர்' இருந்தும் கிளெய்ம் கிடைக்காதது ஏன்?

குடித்துவிட்டு ஓட்டியது, சஸ்பெண்டான லைசென்ஸோடு ஓட்டியது, மகனிடம் சாவியைக் கொடுத்தது... இப்படியொரு விதிமீறல் இருந்தால் கார் இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்? வாசகர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகங்களுக்கு விளக்கங்கள்.

என் மேல் 'டிரங்கன் டிரைவ்' கேஸ் இருக்கிறது. அடுத்த ரினியூவலில் பிரீமியம் ஏறுமா?

தேர்டு பார்ட்டி பிரீமியம் ஏறாது. அதை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1 முதல் 1,000 சி.சி. வரையிலான காருக்கு ரூ.2,094, 1,500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897 என அறிவிக்கப்பட்டது. ஓட்டுபவர் யோக்கியரா என்று அந்தப் பட்டியல் பார்ப்பதில்லை. விதிமீறலுக்குத் தகுந்தபடி கூடுதல் பிரீமியம் வாங்கலாம் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு 2021-ல் யோசனை சொன்னது. குடித்து ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள். நாடு முழுக்க அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால், ஒழுங்காக ஓட்டுபவருக்கும் மற்றவருக்கும் ஒரே கட்டணம் என்ற அநியாயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

போதையில் ஓட்டி கார் நொறுங்கிவிட்டது. ஃபுல் கவர் போட்டிருக்கிறேனே?

பயனில்லை. போதையில் இருக்கும்போது ஏற்படும் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று பாலிசியிலேயே இருக்கிறது. நீங்கள் தெரிந்தே சாவி கொடுத்த நண்பர் குடித்திருந்தாலும் இதே கதிதான்.

"ஊதச் சொல்லவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை, எப்படி நிரூபிப்பார்கள்?" என்று சிலர் தெம்பாகக் கேட்பார்கள். டெல்லி இந்தியா கேட் அருகே 2007-ல் ஒரு போர்ஷே கார் கவிழ்ந்து எரிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பரிசோதனை முடிவு இல்லாவிட்டாலும், விபத்து நடந்த விதம், மருத்துவரின் குறிப்பு போன்ற சூழ்நிலைகளைக் கொண்டு இன்ஷூரன்ஸ் நிறுவனம் போதையை நிரூபிக்கலாம். அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் 'மது வாடை' என்று எழுதியிருந்தால், கிளெய்ம் பிரிவில் முதலில் படிக்கப்படுவது அந்த வரியாகத்தான் இருக்கும்.

அடிபட்டவருக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

பெரும்பாலும் நிறுவனமே முதலில் கொடுக்கும். பிறகு உங்களிடம் வசூலிக்கும். 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வழி இது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குடித்து ஓட்டியதையும் நிறுவனம் எதிர்வாதமாக வைக்கலாம் என்று சேர்த்தது. ஆனாலும் வழியில் போன அப்பாவி கைவிடப்படக் கூடாது என்பதே நீதிமன்றங்களின் போக்கு. கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் இப்படித்தான் தீர்ப்பளித்தது.

'கம்பெனி கொடுத்துவிட்டது' என்று நிம்மதியடைய வேண்டாம். தனி வழக்குகூடப் போடாமல், அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டு உங்கள் சொத்தின் மீது கைவைக்க அவர்களால் முடியும். உயிரிழப்புக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. கோர்ட்டில் கட்டும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் இதன் முன்னால் ஒன்றுமேயில்லை.

17 வயது மகன் ஓட்டினால்?

சொந்தக் காரின் சேதத்துக்குக் கிளெய்ம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 199-ஏ படி பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம். வாகனப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. லைசென்ஸ் சஸ்பெண்டான பெரியவர் ஓட்டினாலும் கிளெய்மைப் பொறுத்தவரை நிலைமை ஏறக்குறைய இதுதான்.

அதிவேகமாக ஓட்டியவரே இறந்துபோனால் குடும்பத்துக்கு?

வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படாமல், முழுத் தவறும் அவருடையது என்றால் தேர்டு பார்ட்டி இழப்பீடு கிடைக்காது. கர்நாடக வழக்கு ஒன்றில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. உரிமையாளரே ஓட்டியிருந்து, ரூ.15 லட்சம் தனிநபர் விபத்து கவர் எடுத்திருந்தால் குடும்பம் அதைக் கேட்கலாம். அதற்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும், குடித்திருக்கக் கூடாது.

நான் வைத்த டிரைவரின் லைசென்ஸ் போலி என்று பிறகு தெரிந்தால்?

இங்கே உரிமையாளருக்கு ஒரு வழி உண்டு. வேலைக்குச் சேர்க்கும்போது லைசென்ஸை வாங்கிப் பார்த்து, ஓட்டத் தெரிகிறதா என்றும் சோதித்திருந்தால், நீங்கள் தெரிந்தே விதியை மீறியதாக ஆகாது. உங்களிடம் நிறுவனம் வசூலிப்பதும் கடினம். பரிவாஹன் தளத்தில் லைசென்ஸ் எண்ணைச் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.