வலிப்புக்கு முந்தைய பயம்

மும்பையின் தாராவியில் ஒருவர் ஃபிட்ஸ் வந்து விழுந்தால், கையில் இரும்புச் சாவியைத் திணிக்க நாலு பேர் ஓடிவருவார்கள். ஓரிரு நிமிடத்தில் வலிப்பு நின்றுவிடும். அது சாவியால் அல்ல; பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே நிற்பவை. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே போதும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கைகால் இழுத்ததையும் நுரை தள்ளியதையும் வீட்டார் சொல்வார்கள். விழுவதற்குச் சற்றுமுன் சிலருக்கு வயிற்றிலிருந்து குபீரென்று எழும் பயம் மட்டும் சொல்லப்படாமலே போகிறது.

அந்தப் பயம் மூளைக்குள்ளேயே பிறக்கிறது. காதையொட்டிய பொட்டு மடலின் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, வாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா இருக்கிறது. எதற்கு அஞ்ச வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் பகுதி அது. அதை ஒட்டினாற்போல் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ். வலிப்பின் மின்வீச்சு இங்கே கிளம்பினால், எதிரில் ஆபத்தே இல்லாமல் உயிர் நடுங்கும்.

1960களில் கனடாவில் கிரகாம் கொடார்ட் என்ற ஆய்வாளர், எலிகளின் அமிக்டலாவில் நாள்தோறும் மிகச் சிறிதளவு மின்சாரம் செலுத்தினார். முதலில் ஒன்றும் நேரவில்லை. நாள்பட, அதே அளவுக்கே முழு வலிப்பு வந்தது. அதாவது வலிப்பையும் மூளை பழகிக்கொள்கிறது. இப்படிப் பழக்கிய எலிகள் புது இடங்களில் அளவுமீறி அஞ்சுவதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். வலிப்பு கண்ட எலிகளை வைத்துச் செய்த வேறு ஆய்வுகளிலோ, ஷாக் வாங்கிய கூண்டை அடையாளம் காணவே அவை தடுமாறின. வீண்பயம் பெருகுகிறது, தேவையான பயம் பதிய மறுக்கிறது. இந்த நோயின் கொடுமையாக எனக்குப் படுவது இதுதான்.

மனிதரிலும் இதன் சாயல் உண்டு. வலிப்புக்காக ஒருபக்கப் பொட்டு மடலில் அறுவை செய்துகொண்டவர்களை, 1995இல் ஆய்வாளர்கள் கெவின் லபார், ஜோசப் லெடூ குழுவினர் அமெரிக்காவில் சோதித்தார்கள். சோதனையில் எந்தச் சமிக்ஞையை அடுத்துத் தொல்லை வரும் என்பதைப் பலரால் வாயால் சொல்ல முடிந்தது. ஆனால் அந்தச் சமிக்ஞை வந்ததும் மற்றவர்களுக்கு வியர்த்த அளவு அவர்களுக்கு வியர்க்கவில்லை.

கைகால் இழுக்காமல், திடீர்ப் பயமும் வெறித்த பார்வையும் வாய் மெல்லுவதுமாக வந்துபோகும் வலிப்பும் உண்டு. அதைக் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்து, ஓரிரு நிமிடத்தில் அடங்குகிறதென்றால், அதை மொபைலில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மறதி கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.