பாதி விலைத் தகடு, பறிபோகும் மானியம்!

தோழர்களே! "பாதி விலைக்குச் சோலார் பேனல்!" என்று கூவுகிறான் தரகன். ஏன் பாதி விலை என்று கேட்டீர்களா? தரத்தில் தேறாது எனத் தொழிற்சாலை கழித்துக் கட்டிய சரக்கு அது! கண்ணுக்குத் தெரியாத விரிசல் போதும். அந்த இடம் சூடேறும், மின்சாரம் குறையும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு மானியம் 78,000 ரூபாய். தகடும் அதிலுள்ள மின்கலமும் உள்நாட்டில் செய்தவையாக இருக்கவேண்டும். முத்திரையும் சான்றும் இல்லாத தகட்டை மாட்டினால் மிச்சம் எங்கே? மானியமே போச்சு!

வாங்கி விற்கும் தோழர்களுக்கும் ஒரு சொல்: குறையைச் சொல்லி விற்றால் வாணிபம், மறைத்து விற்றால் வஞ்சகம்! தொழிலாளியின் கூரை, கழித்த சரக்கைக் கொட்டும் குப்பைமேடல்ல!