பழைய திடல், செயிண்ட் ஆண்ட்ரூஸ்

பழைய திடல் என்பது ஸ்காட்லாந்தின் வடகடற் கரையோர நகரான செயிண்ட் ஆண்ட்ரூஸில் அமைந்துள்ள, 18 குழிகள் கொண்ட கோல்ஃப் திடல் ஆகும். இம்மணற்பாங்கான நிலத்தில் விளையாட நகர மக்களுக்குள்ள உரிமையை 1552 ஆம் ஆண்டுச் சாசனம் ஏற்றுக்கொண்டது. இன்றும் இது பொதுத் திடலே. தனியார் கழகத்துக்குரியது அன்று.

பயணத் திட்டமிடல்

முன்பதிவு கிடைக்காத பயணிகள் குலுக்கலில் பங்குபெறலாம். ஆட்ட நாளுக்கு இரண்டு நாட்கள் முன்னர், குறைந்தது இருவராகச் சேர்ந்து பெயர் கொடுத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டம் இல்லை. அன்று திடல் மக்கள் உலவும் பூங்காவாகிறது. எனவே ஓரிரு நாட்கள் மட்டும் தங்குவோர் ஏமாற்றமடையக்கூடும். பல நாட்கள் தங்குவோருக்கு வாய்ப்பு மிகுதி. குலுக்கலில் பெயர் வராதோர் அருகிலுள்ள புதிய திடல் (1895), ஜூபிலி திடல் (1897) ஆகியவற்றில் விளையாடலாம்.